காபி மிஷினுக்குப் பொட்டு வைத்தோம்

என் மனைவிக்கு ஒரு காய்ச்சலில் வாசனை போனது. காய்ச்சல் இறங்கிவிட்டது, இருமல் போய்விட்டது, உடம்பு வலியும் போய்விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. மூக்கு அதன் இடத்தில்தான் இருந்தது, மூக்குத்தியும் வழக்கம்போல மின்னியது. ஆனால் பூண்டு வதக்கினாலும் மல்லிகைப் பூவை முகத்துக்கு நேரே நீட்டினாலும் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். எங்கள் வீடு ஆவடியில், சேக்காட்டில். தெருமுனைக் குப்பைத்தொட்டி நிரம்பி வழியும் நாட்களில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவள் மட்டும் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல நிதானமாக அதைக் கடந்து போவாள். எதிர்வீட்டில் இவளுக்கு மன உறுதி ரொம்ப அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் பாதுகாப்புத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். செய்து வந்த சாமான் அளவில் சரியா தப்பா என்று சொல்வது என் வேலை. மயிரிழை தப்பினாலும் சிவப்புச் சாயம் பூசி ஓரமாக வைத்துவிடுவேன். யார் கெஞ்சினாலும் கேட்க மாட்டேன். வீட்டில் இதே வேலையை அவள் செய்தாள். அவளுடைய கருவி மூக்கு.

காலையில் கூடத்து ஜன்னலோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்காருவோம். காபி போடுவது நான். காபிக்குப் பேர்போன வத்தலக்குண்டுக்காரியான அவள் கல்யாணமான புதிதிலேயே என்னை அந்த வேலைக்குப் பழக்கிவிட்டாள். டம்ளரை வாங்கியதும் குடித்துவிட மாட்டாள். மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தீர்ப்பு சொல்வாள். சிக்கரி தூக்கல் என்பாள். பாலில் தண்ணி என்பாள். இது நேற்றுத் திறந்த தூள் இல்லை, போன வாரத்துத் தூள் என்பாள். நான் எதிர்த்துப் பேசுவேன், அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அங்கே தொடங்கும் சண்டை பால்காரரிடம் போய், பால்காரரிடமிருந்து சொந்தக்காரர்களிடம் போய், பேப்பர் வந்து விழும்போது முடியும். எங்களுக்குள் மிச்சமிருந்த உருப்படியான பேச்சு அந்த நேரத்தில்தான் நடந்தது. இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் உண்மை.

வாசனை போனபிறகு அவள் காபியை விட்டுவிட்டாள். சுடுதண்ணியைக் காபி என்று பெயர் சொல்லி எதற்குக் குடிக்க வேண்டும் என்று கேட்டாள். அடுப்படியில் நின்றபடியே கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் நான் பேப்பரை வைக்கத் தொடங்கினேன், அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது.

காபி போனது ஒரு பக்கம். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கேஸ் கசிகிறதா, சாம்பார் ஊசிவிட்டதா, துணி காய்ந்த வாசனை வருகிறதா என்று நாளெல்லாம் என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். நான் வீட்டுக்கு ஒரே மூக்கு ஆனேன். காலையிலும் மாலையிலும் குளித்தாள், மத்தியானம் வெளியே போக வேண்டியிருந்தால் இன்னொரு முறையும் குளித்தாள். பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டபோது, துவைத்த புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் நாறினாகூட எனக்குத் தெரியாதுல்ல. நீங்களும் சொல்ல மாட்டீங்க."

சொல்வேன், கட்டாயம் சொல்வேன் என்று சத்தியம் செய்தேன். அது ஆறுதல் சொல்லும் முறை அல்ல என்பது அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

அம்பத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். நரம்பு அசந்திருக்கிறது, எழுப்ப வேண்டும் என்றார். கிராம்பு, எலுமிச்சை, காபி என்று வாசனையுள்ள பொருட்களைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இவள் அதற்கு மூக்கு டியூஷன் என்று பெயர் வைத்தாள். கிராம்பு டப்பாவையும் எலுமிச்சம்பழத்தையும் எதிரே வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டுவிட்டாள்.

நான் விடுவதாக இல்லை. எந்திரத்தில் கோளாறு என்றால் முதலில் உள்ளே போகிற சரக்கைச் சந்தேகப்படுவது எங்கள் பிரிவின் வழக்கம். ஆக, கோளாறு மூக்கில் இல்லை, தூளில் என்று முடிவு செய்தேன். பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடக்கிற தூளில் என்ன வாசனை இருக்கும்? வறுத்த கொட்டையை அவள் கண்ணெதிரே அரைத்து, அந்தச் சூட்டோடு கொடுத்தால் செத்த நரம்பும் எழுந்து உட்காராதா? இதை அவளிடம் சொன்னேன். நரம்பு அசந்துதான் இருக்கிறது, சாகவில்லை என்று திருத்தினாள்.

முதலில் மிக்ஸியில் அரைத்தேன். சட்னி ஜாரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் அரைத்தேன். ஆனாலும் முந்தின நாள் அதில் பூண்டுச் சட்னி அரைத்ததை ஜார் மறக்கவில்லை. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்கும் என் குலதெய்வத்துக்கும்தான் தெரியும். அவள் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "சூடா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒரு சொல்தான் அவளிடம் மிச்சமிருந்த தீர்ப்பு.

ஹைதராபாத்தில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். மிக்ஸி கொட்டையை வெட்டுகிறது அப்பா, வெட்டினால் ஒன்று பொடியாகவும் ஒன்று நொய்யாகவும் போகும், பல் வைத்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நசுக்குகிற மிஷினை வாங்கு, தூள் ஒரே சீராக வரும் என்றாள். ஒரே சீராக என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓய்வு பெற்றபிறகு யாரும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மிக்ஸி, குக்கர், இஸ்திரிப் பெட்டி விற்கிற கடை ஒன்று எனக்குப் பழக்கம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்பைச் சுற்றிச் சுற்றி ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது எனக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே நிறம். பாய் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். யாரோ கல்யாணப் பரிசுக்கு என்று சொல்லிவைத்து, பிறகு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றிலிருந்து அது தட்டிலேயே இருந்தது.

நான் பையிலிருந்து கண்ணாடியையும் அளவுத் தகடுகளையும் எடுத்தேன். ஓய்வு பெறும்போது சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொண்ட தகடுகள் அவை. இடைவெளி சரியா என்று சக்கரப் பற்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். குக்கர் வாங்க வந்த ஒரு குடும்பம் குக்கரை மறந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் பொறுமைசாலி. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சார், இது காபி அரைக்கிற மிஷினு. நீங்க இன்னா, ராக்கெட் உடப்போற மாரி பாத்துகினு கீறீங்க?"

ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். கடையில் காபிக்கொட்டை இல்லை. பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு கைப்பிடி தனியா வாங்கி வந்து போட்டு ஓட்டினார். தூள் பிரமாதமாக, ஒரே சீராக வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அந்த மிஷின் தனியாவை விடவில்லை. முதல் வாரம் முழுக்க நான் குடித்தது காபி அல்ல, பால் ஊற்றிய சாம்பார். அதன் சக்கரங்களுக்கு ஒருமுறை ஏறிய வாசனை லேசில் இறங்காது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

மிஷினோடு ஒரு டப்பா இலவசமாக வந்தது. கொட்டை போட்டு வைப்பதற்கு. மூடியை அழுத்தினால் டப் என்று பிடித்துக்கொள்ளும், எறும்பும் பூராது காற்றும் பூராது என்று பாய் சொல்லியிருந்தார். என் மனைவி மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த டப்பாவை மட்டும் கையில் எடுத்து, திறந்து மூடி, திறந்து மூடி, நல்ல டப்பா என்றாள்.

பிறகு ஆராய்ச்சியில் இறங்கினேன். மிஷினின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருந்தது. நைசாக அரைத்தால் பில்டரில் தண்ணீர் இறங்காமல் குளம் கட்டி நின்றது. நான் அதன் தலையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொரகொரவென்று அரைத்தால் மேலே ஊற்றியது அதே நிறத்தில் கீழே வந்தது. நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். அரைத்த தூளை மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நின்றதைத் தள்ளுபடி என்று தனியாக வைத்தேன். "காபித்தூள் என்ன பீரங்கிக் குண்டா, நூல் பிசகாம இருக்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தள்ளுபடித் தூளையெல்லாம் எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டாள்.

ஒவ்வொரு நாளும் இரண்டு டம்ளர் போட்டேன். ஒன்றை அவளிடம் நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனாள். சூடா இருக்கு. மறுநாளும் சூடா இருக்கு. அதற்கடுத்த நாளும் சூடாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் தெருவில் ஒரு கலவரம் உண்டாயிற்று. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிகாலையில் எந்த வீட்டில் முதலில் மோட்டார் ஓடுகிறதோ, அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டில் போடுவார்கள், அதைக் கேட்டு அதற்கடுத்த வீட்டில். தாமதித்தால் முன்னால் போட்டவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே மோட்டார் சத்தம் காதில் விழுந்தால் யோசிக்காமல் ஸ்விட்சைத் தட்டுவது தெருவில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். என் காபி மிஷினின் சத்தம் அச்சு அசலாகத் தண்ணீர் மோட்டாரின் சத்தம்.

நான் விடியற்காலையில் இரண்டு டம்ளர் காபிக்குக் கொட்டை அரைப்பேன். உடனே பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும். பிறகு எதிர்வீட்டில். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி வரைக்கும் மோட்டார்கள் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அலறும். நாய்கள் வானத்தைப் பார்த்து ஊளையிடும். தண்ணீர்தான் வருவதாக நானும் நம்பி ஒருநாள் எங்கள் மோட்டாரைப் போட்டேன், அது தனிக்கதை. பக்கத்து வீட்டு மோட்டார் புகைந்து நின்றபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார் நீ, ஒரு டம்ளர் காபிக்கு தெருவையே எழுப்பி உட்டுகினு கீற?"

இரண்டு டம்ளர் என்று நான் திருத்தியிருக்கக் கூடாது. கடைசியில் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தேன், கேட்டில் அட்டையும் மாட்டினேன். 'இங்கு கேட்பது காபி மிஷின் சத்தம். தண்ணீர் வரவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அந்த அட்டையை எல்லோரும் நம்பினார்கள். அதுதான் கெடுத்தது. அதே வாரத்தில் ஒருநாள் நிஜமாகவே தண்ணீர் வந்து, நாங்கள் மோட்டாரைப் போட்டபோது, தெரு முழுக்கக் காபி மிஷின்தானே என்று போர்த்திக்கொண்டு தூங்கியது. எங்கள் தொட்டி மட்டும் நிரம்பி வழிந்தது. பல நாட்கள் தெருவில் என்னிடம் யாரும் பேசவில்லை. நாய்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அப்படியே ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. ஆவடியில் அந்த நாளில் பொட்டு வைக்காத இரும்பே இருக்காது. எங்கள் வீட்டிலும் ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, என் அளவுத் தகடுகள் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். என் மூக்குக்கண்ணாடியும் அந்த வரிசையில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டுதானே இத்தனை வருஷம் அளவு பார்த்துச் சோறு போட்டீர்கள், அதுவும் ஆயுதம்தான் என்பாள். இந்த முறை காபி மிஷினையும் தூக்கி நடுவில் வைத்தாள். அதன் நெற்றியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை செய்து எடுக்கும்வரை தொடக்கூடாது. வீட்டில் முழுக் கொட்டை மட்டும்தான் இருந்தது, ஒரு சிட்டிகை தூள் இல்லை. காபிக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒருநாள் அதுக்கும் ஓய்வு குடுங்க. தெருவுக்கும் குடுங்க" என்றாள்.

அன்று முழுக்கக் காபி இல்லை, கண்ணாடியும் இல்லை. சாம்பிராணிப் புகையிலும் கற்பூர வாசனையிலும் தலைவலியோடு பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவை எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. காபி மிஷின் மட்டும் மாலையோடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மறுபூஜையை அவசரப்படுத்தினேன். அவள் தீபாராதனை காட்டிவிட்டு வாசலுக்குக் கோலம் போடப் போனாள். கண்ணாடியை எடுத்தேன். இரண்டு லென்ஸிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவுகிற பொறுமை எனக்கு இல்லை. புதுக் கொட்டை பாக்கெட்டைப் பிரித்து, மேடையில் இருந்த இலவச டப்பாவில் கொட்டி, நன்றாகக் குலுக்கினேன். அப்படியே எடுத்து மிஷினின் வாயில் கவிழ்த்து அரைத்தேன். தெருவில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அட்டையின் மகிமை.

டிகாஷன் இறங்கியது, பால் ஊற்றினேன், இரண்டு டம்ளர் ஆற்றினேன். பழக்கதோஷத்தில் ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, ஒருநாள் பட்டினி கிடந்த ஆவேசத்தில் என்னுடையதில் ஒரு பெரிய வாய் குடித்தேன்.

தொண்டையில் ரசம்போலக் காரம் இறங்கியது. பின்னாலேயே உச்சந்தலைவரை ஜிலுஜிலுவென்று ஏதோ ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோயில் மூலஸ்தானத்தில் நின்றுகொண்டு மிளகு ரசம் குடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. குடிக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அவள் டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்திருந்தாள்.

சூடா இருக்கு என்று சொல்லவில்லை. அப்படியே நின்றாள். டம்ளரை இறக்கினாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண்கள் பாதி மூடின. அந்தப் பாதி மூடிய கண்களைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கற்பூரம் வருது."

வீடெல்லாம் நேற்றிலிருந்து கற்பூரம்தானே என்றேன், இருமிக்கொண்டே.

"வீட்டுல ஒண்ணும் வரல. இதுலதான் வருது."

பிறகு திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு மேடைக்கு ஓடினாள். இலவச டப்பாவைத் தூக்கித் திறந்து பார்த்தாள். அடியில் இரண்டு மிளகும் கொஞ்சம் வெள்ளைப் பொடியும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடந்தது இதுதான். கற்பூரத்தைச் சும்மா வைத்தால் காற்றில் கரைந்து போகும், கூட நாலு மிளகு போட்டு இறுக மூடி வைத்தால் கரையாது. இது எல்லா வீட்டிலும் செய்கிற காரியம். பூஜை முடிந்து மிஞ்சிய கற்பூர வில்லைகளை, ஒரு கைப்பிடி மிளகோடு, வீட்டிலேயே இறுக்கமான மூடியுள்ள அந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அதில் கொட்டையை வைத்தால் கொட்டை நாறிப் போகுமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாசனை என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்து போயிருந்தாள். நான் கண்ணாடி இல்லாமல் அதன் மேலேயே கொட்டையைக் கொட்டி, குலுக்கி, மிளகையும் கற்பூரத்தையும் சேர்த்து அரைத்திருக்கிறேன்.

கண் தெரியாவிட்டால் தொட்டாவது பார்க்க மாட்டீர்களா என்று திட்டினாள். மூக்கு உள்ள மனுஷன் நீங்கள், உங்களுக்கும் தெரியவில்லையா என்று திட்டினாள். சாம்பிராணியில் ஒருநாள் முழுக்க ஊறிய மூக்கு என்றேன். என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினாள். தன்னுடையதை ஊற்றவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், பேப்பர் வைத்திருந்த நாற்காலியில் பேப்பரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குடிக்கவில்லை. மூக்கின் கீழேயே வைத்திருந்தாள், அது ஆறி ஆடை கட்டும்வரை. நானும் எதிரே உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பால்காரரைப் பற்றிப் பேசினோம்.

டாக்டரிடம் ஓடினோம். அவர் சிரிக்காமல் கேட்டார், பிறகு சிரித்தார். கற்பூரமும் மிளகும் மூக்கைக் குத்துகிற சாமான்கள், வாசனை தெரியாதவர்களுக்கும் அந்தக் குத்தல் தெரியும், இதை வைத்து வாசனை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அரைத்துக் குடிக்கிற வேலையெல்லாம் இனிமேல் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் என் முதுகில் அவள் தலை சாய்ந்திருந்தது. நான் அந்த டாக்டரை மனதுக்குள் ஆவடி வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனால் மிஷினின் சக்கரங்கள் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், பச்சரிசி போட்டு அரைத்து அரைத்துக் கொட்டினேன். கற்பூர வாசனை போகவே இல்லை. குடிக்க முடியாத அந்தக் காபியை நான் குடிக்காமல், தினமும் ஒரே ஒரு டம்ளர் மட்டும் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவளும் குடிக்கவில்லை, முகர்ந்தாள். எனக்குப் பாக்கெட் தூளில் தனியாகப் போட்டுக்கொண்டேன். எலுமிச்சம்பழத்துக்கும் கிராம்புக்கும் தொடர்ந்து உட்காராதவள் இதற்குத் தினமும் உட்கார்ந்தாள். வருது என்பாள். இன்றைக்குக் கம்மியா வருது என்பாள்.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. கம்மியாகிக்கொண்டு போனது அவள் மூக்கு அல்ல, மிஷினில் இருந்த கற்பூரம். நான் முகர்ந்து பார்த்தேன், நாளுக்கு நாள் அது வெறும் காபியாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மிஷின் தன் வேலையைச் சரியாகச் செய்வதைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாக வெறுத்தேன். கற்பூரம் முழுக்கப் போன மறுநாள் அவள் மறுபடியும் சூடா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த நாற்காலியில் மறுபடியும் பேப்பர்.

அந்த நாளும் வந்தது. தூளைக் கையில் எடுத்து முகர்ந்தேன். சுத்தமான காபித்தூள். கற்பூரத்தின் சுவடே இல்லை. பூஜை அலமாரியைத் திறந்து ஒரு வில்லைக் கற்பூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு துளி கிள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அவள் குடிக்கவா போகிறாள்? வாழ்நாள் முழுக்கத் தப்பான அளவைச் சரி என்று எழுத மறுத்தவன், அடுப்புக்கு முன்னால் கற்பூரத்தோடு நின்று போடவா வேண்டாமா என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் போடவில்லை. கை வரவில்லை. காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

வாங்கினாள். மூக்கின் கீழே பிடித்தாள். நான் பேப்பரைப் பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். முகம் சுருங்கியது. சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது, சூடா இருக்கு என்று நானே மனதில் சொல்லிக்கொண்டேன்.

"பால் அடிபிடிச்சிருக்கு."

இல்லை என்றேன். பழக்கம், எதிர்த்துத்தான் பேச வரும். அதோடு, எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

"போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். பால் பாத்திரத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் கற்பூரத்தோடு திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அடியில் ஒரு காசு அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தபோதுதான் எனக்கே லேசாகத் தெரிந்தது. கற்பூர வில்லை இன்னும் என் இடது கையில் இருந்தது. பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"தள்ளிப் போங்க. நாறுது."

நான் தள்ளிப் போகவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.